செக்கு, மாவு, ஜூஸ் கடை: மூன்றையும் ஒன்றாகத் தொடங்கலாமா?

திருப்பூரில் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருக்கும் ஒருவரின் கேள்வி இது. வயது 34, மனைவியும் நான்கு வயதுக் குழந்தையும் இருக்கிறார்கள், கையில் 14 லட்சம் சேமிப்பு. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது கம்பெனியில் ஆர்டர் தடுமாறியது, கூட வேலை பார்த்த சிலரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்றிலிருந்து இவருக்கு வேலையில் நம்பிக்கை போய்விட்டது. ராஜினாமா கொடுத்துவிட்டு மரச்செக்கு எண்ணெய், இட்லி தோசை மாவு, ஜூஸ் கடை மூன்றையும் ஒன்றாகத் தொடங்கிவிடலாமா என்கிறார். செக்குக்கு 6 லட்சம், மாவுக்கு 3, ஜூஸ் கடைக்கு 3, மீதி 2 லட்சம் கையிருப்பு என்று கணக்கும் போட்டிருக்கிறார். கடைசியில் ஒரு வரி: “மூன்றில் ஒன்று படுத்தாலும் மற்ற இரண்டும் தாங்கிவிடும் அல்லவா?”

அந்தக் கடைசி வரிதான் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது. ஒரே சம்பளத்தை நம்பி இருந்ததால் வந்த பயம், அதனால் இனி எதையும் ஒன்றாக வைத்துக்கொள்ளக் கூடாது என்ற முடிவு. பயம் நியாயமானதுதான். மூன்று போர்டு மாட்டினால் அது தீருமா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

நான் வங்கியில் சிறுதொழில் கடன் பார்த்து ஓய்வு பெற்றவன். ஈரோடு, தாராபுரம், திருப்பூர் பக்கம்தான் சர்வீஸில் பெரும்பகுதி போனது. கடன் விண்ணப்பத்தோடு வருகிறவர்களையும், பிறகு தவணை தவறி வருகிறவர்களையும் பார்த்துப் பழகிய கண் இது. சொந்தப் பணத்தில் சத்தமில்லாமல் நாலு கடை நடத்துகிறவருக்கு எங்கள் முன்னால் வந்து உட்கார வேண்டிய அவசியமே இல்லை. ஆகவே நான் பார்த்தது கொஞ்சம் இருட்டான பக்கம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள். ஆன்லைன் வியாபாரம், சாஃப்ட்வேர் போன்றவற்றுக்கு நான் சொல்வது பொருந்தாமல் போகலாம். சரக்கு வாங்கி, ஆட்டி, அரைத்து, விற்கிற தொழில்களைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்றையும் சேர்த்துத் தொடங்க வேண்டாம். ஜூஸ் கடையை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். செக்கா, மாவா என்பதை இன்றே முடிவு செய்யவும் வேண்டாம். வேலையில் இருந்துகொண்டே இரண்டையும் சின்ன அளவில் விற்றுப் பார்த்துவிட்டு, ஒன்றை மட்டும் தொடங்குங்கள்.

‘ஒன்று படுத்தால் இன்னொன்று தாங்கும்’ என்பதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறை வெளியிட்டுவரும் தரவில், புதிதாகத் தொடங்கும் தொழில்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று முதல் வருடத்திலேயே மூடப்படுகிறது, ஐந்து வருடத்துக்குள் பாதி போய்விடுகிறது. நம் ஊருக்கும் பாதி என்றே வைத்துக்கொண்டால், மூன்று தொழிலும் சேர்ந்து படுக்க வாய்ப்பு எட்டில் ஒன்றுதான். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்தக் கணக்கு சரியாக வர வேண்டுமானால், ஒன்று படுப்பதற்கும் மற்றொன்று படுப்பதற்கும் சம்பந்தமே இருக்கக் கூடாது. உங்கள் மூன்று தொழிலுக்கும் ஊர் ஒன்று, பணப்பை ஒன்று, ஆளும் நீங்கள் ஒருவர்தான்.

ஊரை எடுத்துக்கொள்வோம். திருப்பூரில் சனிக்கிழமை சம்பளம் போட்டால்தான் ஞாயிற்றுக்கிழமை மளிகைக் கடை பாக்கி தீரும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வெளியூர் ஆட்கள் கிளம்பிவிட்டால் பல தெருக்களில் கடையைத் திறந்து வைத்தும் பயன் இல்லை. 2011 ஜனவரியில் சாய ஆலைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது, சாயத் தொழிலில் இருந்தவர்கள் தவணை தவறியது யாருக்கும் ஆச்சரியமாக இல்லை. சாயத்தோடு ஒட்டே இல்லாத மெஸ், மளிகை, செல்போன் கடைக் கணக்குகளும் சில மாதங்களில் தள்ளாட ஆரம்பித்தன. பனியன் கம்பெனிச் சம்பளம் நின்றுவிடும் என்று பயந்து நீங்கள் தொடங்கப்போகும் மூன்று கடைகளும் அதே பனியன் சம்பளத்தில்தான் ஓட வேண்டும். கை இறுகும் மாதத்தில் மரச்செக்கு எண்ணெய் வாங்கியவர்கள் ரீஃபைண்டு பாக்கெட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். ஜூஸ் குடிக்கிறவர்கள் டீயோடு நிறுத்திக்கொள்வார்கள். மாவு வேண்டுமானால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், ஆனால் வேலை இல்லாத நாளில் வீட்டில் கிரைண்டரைக் கழுவி எடுக்க ஆட்களுக்கு நேரம் கிடைத்துவிடும் என்பதையும் யோசியுங்கள்.

அடுத்தது பணப்பை. வங்கி உங்களை எப்படிப் பார்க்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை, அதனால் விரிவாகவே சொல்கிறேன். தனி உரிமையாளராகத் தொடங்கும்போது கடைப் பெயர் என்பது வெறும் போர்டுதான். மூன்று பெயர் வைத்தாலும் பான் எண் உங்களுடைய ஒன்றுதான், கடனுக்குப் பொறுப்பும் நீங்கள்தான். 90 நாளுக்கு மேல் தவணை நிலுவையில் நின்றால் அது வாராக்கடன் என்பது ரிசர்வ் வங்கி விதி. இதை முடிவு செய்வது ஒவ்வொரு கடன் கணக்கையும் தனித்தனியாக வைத்து இல்லை, கடன் வாங்கிய ஆளை வைத்து. ஒரே வங்கியில் ஜூஸ் கடைக்கு ஒரு கடன், செக்குக்கு ஒரு கடன் இருக்கிறது, ஜூஸ் கடைத் தவணை மூன்று மாதத்தைத் தாண்டி நின்றுவிட்டது என்றால், ஒரு நாளும் தவறாமல் கட்டிவந்த செக்குக் கடனும் சேர்ந்தே வாராக்கடன் ஆகிவிடும். அதன் பிறகு செக்கின் சி.சி. கணக்கில், அதாவது வங்கி கொடுத்த வரம்புக்குள் வேண்டும்போது எடுத்துக் கட்டும் கடன் கணக்கில், பணம் எடுப்பது கஷ்டம், புதுப்பிப்பது அதைவிடக் கஷ்டம். கடலை வாங்கப் பணம் இல்லாமல் நன்றாக ஓடிய தொழில் நிற்கும். வேறு வேறு வங்கியில் வாங்கித் தப்பலாம் என்று யோசனை சொல்கிறவர்கள் உண்டு. சிபில் அறிக்கை எல்லா வங்கிக்கும் ஒன்றுதான். அடுத்த புதுப்பித்தலில் கேள்வி வந்துவிடும். முத்ரா கடனுக்கு அடமானம் கேட்பதில்லை என்பதால் அதைக் கட்டாமல் விட்டால் ஒன்றும் ஆகாது என்று நினைப்பதும் இதே வகைத் தவறுதான்.

வாராக்கடன் வரைக்கும் போகாமலே கெடுகிற வழி ஒன்று இருக்கிறது, நான் அதிகம் பார்த்தது அதைத்தான். கோபி பக்கம் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒருவர் செல்போன் கடையும் திறந்தார். செல்போன் கடை வாடகைக்கும் பையன் சம்பளத்துக்கும் மாதாமாதம் ஜவுளிக் கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுத்துவந்தார். வாடகை ஒழுங்காகப் போனதால் செல்போன் கடை ‘பரவாயில்லாமல் ஓடுகிறது’ என்றே நம்பினார். நட்டம் எந்தக் கணக்கிலும் எழுதப்படவில்லை. தீபாவளிச் சரக்கு எடுக்க ஈரோடு போக வேண்டிய வாரத்தில்தான் கையில் பணம் இல்லை என்பது தெரிந்தது. ஜவுளிக்காரருக்கு தீபாவளிச் சரக்கு போனால் வருடமே போன மாதிரி. செல்போன் கடை நட்டத்தில் ஓடியது பெரிய விஷயமில்லை, அதைத் தெரிந்துகொள்ள ஒரு வருடம் ஆனதுதான் அவரைக் கவிழ்த்தது. இரண்டு தொழில் வைத்திருப்பவர் இரண்டு வங்கிக் கணக்கு, இரண்டு நோட்டு வைத்தே ஆக வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பணம் போனால் அதைக் கைமாற்றாக எழுதுங்கள், தேதி போட்டு.

வரி, பதிவு விஷயங்களிலும் அரசு உங்களை ஒரே ஆளாகத்தான் பார்க்கிறது. சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு ஒரு பான் எண்ணுக்கு ஒன்றுதான், அதிலேயே எத்தனை தொழிலை வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம், கட்டணம் கிடையாது. ஜிஎஸ்டி வரம்பும் பான் எண்ணுக்கு மொத்தமாகத்தான். பொருள் மட்டும் விற்பவருக்குத் தமிழ்நாட்டில் வருடம் 40 லட்சம் வரை பதிவு தேவையில்லை. சேவையும் சேர்ந்தால் வரம்பு 20 லட்சம். நாளைக்கு 20 லிட்டர் எண்ணெய், லிட்டர் 320 ரூபாய், வருடத்தில் 300 நாள் என்று போட்டால் 19.2 லட்சம். நாளைக்கு 150 பாக்கெட் மாவு, கடைக்காரருக்கு 35 ரூபாய் வீதம் 360 நாள் என்றால் 18.9 லட்சம். இரண்டும் சேர்ந்து 38 லட்சம், விளிம்பில் நிற்கிறது. இதோடு உட்காரவைத்துப் பரிமாறும் ஜூஸ் கடையைச் சேர்த்து அது சேவைக் கணக்கில் வந்துவிட்டால் முதல் வருடத்திலேயே பதிவு, ரிட்டர்ன், ஆடிட்டர் செலவு எல்லாம் வந்துவிடும். ஜிஎஸ்டி ஒன்றும் பூதம் கிடையாது. மூன்று தனித்தனிச் சின்னக் கடைகள் என்று நீங்கள் நினைப்பது சட்டத்தின் கண்ணில் ஒரு நடுத்தரக் கடை என்பதற்காகச் சொன்னேன். ஒரு நல்ல பக்கமும் இருக்கிறது: ஒரு தொழிலின் நட்டத்தை அதே வருடத்தில் இன்னொரு தொழிலின் லாபத்தில் கழித்து வருமான வரி கட்டலாம். லாபம் போதவில்லை என்றால், ரிட்டர்ன் காலத்தில் தாக்கல் செய்திருந்தால், எட்டு வருடம் வரை கொண்டுபோகலாம். அதற்காக நட்டப்படச் சொல்லவில்லை.

மனைவி பெயரில் ஒன்று, உங்கள் பெயரில் ஒன்று தொடங்கினால்? பான் வேறு, ஜிஎஸ்டி வரம்பு வேறு, கடன் வகைப்படுத்தலும் வேறு. அவர் உண்மையாகவே அந்தத் தொழிலை நடத்துவார் என்றால் இது நல்ல ஏற்பாடு. பெயர் மட்டும் அவருடையது, ஓடுவது நீங்கள், ஜாமீன் கையெழுத்தும் உங்களுடையது என்றால் காகிதத்தில்தான் இரண்டு. மானியத்துக்கும் இது உதவாது: புதுத் தொழில் கடனுக்கு மத்திய அரசு மானியம் தரும் பிஎம்இஜிபி திட்டத்தில் கணவன் மனைவி சேர்ந்து ஒரு குடும்பம், குடும்பத்துக்கு ஒருவருக்குத்தான். அந்தத் திட்டத்தின் இன்னொரு விதியையும் கவனியுங்கள். புதிய தொழிலுக்கு மட்டுமே மானியம். சொந்தப் பணத்தில் செக்கை ஓடவிட்டு அப்புறம் மானியத்துக்குப் போனால் ‘ஏற்கெனவே நடக்கிற தொழில்’ என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். எதற்கு மானியம் கேட்கப்போகிறீர்களோ அதற்கு மெஷின் வாங்குவதற்கு முன்பே மாவட்டத் தொழில் மையத்துக்கு ஒரு நடை போய், இப்போது எந்தத் திட்டத்தில் விண்ணப்பம் வாங்குகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் 6 லட்சம், 3 லட்சம் கணக்குக்கு வருகிறேன். செக்குக்கு 6 லட்சம் என்பதில் மெஷின், கரண்ட் இணைப்பு, அட்வான்ஸ் எல்லாம் வந்திருக்கிறது, சரக்கு வரவில்லை என்று நினைக்கிறேன். ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்குச் செக்கில் ஏறக்குறைய இரண்டரைக் கிலோ நிலக்கடலைப் பருப்பு வேண்டும். பருப்பு கிலோ 120 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம், 300 ரூபாய் ஆயிற்று. அதில் ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகப் புண்ணாக்கு கிடைக்கும். கிலோ 40 என்று போனால் 55 ரூபாய் திரும்பி வரும். 320க்கு விற்கும் எண்ணெயில் புண்ணாக்கு விற்றால் கையில் 75 ரூபாய் நிற்கும், விற்காவிட்டால் 20. கரண்ட், கூலி, பாட்டில், வாடகை எல்லாம் இதற்குள்தான். ஆகவே செக்கு வைக்கப்போகிறவர் எண்ணெய் வாங்க ஆள் தேடுவதற்கு முன்னால் புண்ணாக்கு எடுக்க மாடு வைத்திருக்கிற நாலு பேரைத் தேட வேண்டும். மழைக்காலத்தில் புண்ணாக்கை மூட்டை கட்டி மூலையில் வைத்தால் பூசணம் பிடித்துவிடும், மாட்டுக்காரர் தொடமாட்டார்.

நாளைக்கு 20 லிட்டர் என்றால் 50 கிலோ பருப்பு, 6,000 ரூபாய். மாதத்துக்கு 25 நாள் ஆட்டினால் ஒன்றரை லட்சம். அறுவடைச் சமயத்தில் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் விலை இறங்கும்போது மூன்று மாதச் சரக்கை எடுத்து வைப்பவர்தான் இந்தத் தொழிலில் நாலு காசு பார்க்கிறார், அதற்கு நாலரை லட்சம் வேண்டும். விலையும் நம் சொல்பேச்சுக் கேட்காது. 2025-இல் கொப்பரை விலை ஏறிய வேகத்தில், காங்கயம் பக்கம் அதே அளவு கொப்பரை எடுக்க முந்தைய வருடத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு பணம் தேவைப்பட்டது. சரக்கு வாங்கி ஓட்டுவதற்கான நடைமுறை மூலதனத்தை வங்கி கொடுக்கும், ஆனால் சிறு கடன்களுக்கு எதிர்பார்க்கும் வருட விற்பனையில் 20 சதவீதம் என்பதுதான் பொதுவான கணக்கு. 19 லட்சம் விற்பனைக்கு 3.8 லட்சம் கிடைக்கலாம். அதுவும் விற்பனையை நீங்கள் நம்பும்படி காட்டினால். இப்போது சொல்லுங்கள், ஜூஸ் கடைக்கு ஒதுக்கிய 3 லட்சம் எங்கே போக வேண்டும்?

மாவுத் தொழிலில் பணம் பெரிய பிரச்சினை இல்லை, நேரம்தான் பிரச்சினை. கிரைண்டர் கோவையில் நல்லதாகவே கிடைக்கும். காலையில் ஊறப்போட்டு, மத்தியானத்துக்கு மேல் அரைத்து, ராத்திரி பாக்கெட் போட்டு, விடிகாலை ஐந்து மணிக்குக் கடைகளுக்குப் போட வேண்டும். ஏழு மணிக்குப் போனால் கடைக்காரர் வேறொருவர் மாவை ஃப்ரிட்ஜில் அடுக்கியிருப்பார். விற்காத பாக்கெட் உங்களிடமே திரும்பும், பணம் வாரக் கணக்கில்தான் வரும். சித்திரை வெயிலில் பாக்கெட் பலூன் மாதிரி உப்பிவிடும். மார்கழியில் புளிக்காத மாவு என்று புகார் வரும். அரிசி மாறினால் ஒரு பேச்சு, உளுந்து மாறினால் ஒரு பேச்சு. இதையெல்லாம் ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம், ஆனால் பக்குவம் உங்கள் கைக்கு வந்த பிறகுதான். முதல் வருடம் நீங்கள் நிற்க வேண்டும். செக்கு காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் வரை ஓடும், அங்கேயும் முதல் வருடம் நீங்கள்தான் நிற்க வேண்டும். “மாவை மனைவி பார்த்துக்கொள்வார்” என்று ஒரு வரியில் எழுதியிருக்கிறீர்கள். முழுத் திட்டமும் அந்த வரியின் மேல் நிற்கிறது. நான்கு வயதுக் குழந்தையை வைத்துக்கொண்டு ராத்திரி பதினோரு மணி வரை பாக்கெட் போட அவர் சம்மதித்தாரா, அல்லது சம்மதிப்பார் என்று நீங்களே முடிவு செய்துகொண்டீர்களா?

உங்கள் யோசனையில் சரியான ஒன்று இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். செக்கில் பணம் மாதக்கணக்கில் சரக்கில் முடங்கும், மாவில் வாரத்துக்குள் திரும்பும். ஒன்று மெதுவான பணம், மற்றொன்று வேகமான பணம், இரண்டும் சேர்ந்தால் கை வறண்டு போகாது என்று எழுதியிருக்கிறீர்கள். இது படித்தவர் பேச்சு, உண்மையும்கூட. மாவு நிலைத்த பிறகு அதன் தினசரி வரவை வைத்துக் கடலைச் சரக்கு எடுக்கலாம். ஆனால் இரண்டும் தவழ்கிற காலத்தில் வேகமான பணம் என்று ஒன்று கிடையாது. மாவுக்காரருக்கும் முதல் சில மாதம் ரிட்டர்ன் பாக்கெட்தான் அதிகம்.

பெரிய குழுமங்கள் எல்லாம் பல தொழில் செய்கின்றனவே என்றும் கேட்டிருக்கிறீர்கள். செய்கின்றன, எப்படி வந்தன என்று பாருங்கள். 1911-இல் தொடங்கிய டிவிஎஸ் பேருந்து ஓட்டுவதில்தான் ஆரம்பித்தது. பிறகு வந்த பல தொழில்கள் வண்டியைச் சுற்றியே வந்தன. சக்தி மசாலா 1975-இல் ஈரோட்டு மஞ்சள் வியாபாரத்திலிருந்து கிளம்பி, மஞ்சள் தூள், மிளகாய்த் தூள் என்று போய்த்தான் மசாலாவுக்கு வந்தது. கடையில் ஏற்கெனவே மஞ்சள் தூள் வாங்கியவரிடமே அடுத்த பொருளையும் நீட்டினார்கள். ஒன்றாகத் தொடங்கிப் பல தொழிலும் ஜெயித்தவர்கள் எங்கேயாவது இருப்பார்கள். தோற்றவர்களை யாரும் பேட்டி எடுப்பதில்லை என்பதால் விகிதம் என்ன என்று கதைகளை வைத்துச் சொல்லவே முடியாது.

இரண்டை ஒன்றாகத் தொடங்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லாத சந்தர்ப்பமும் உண்டு. இரண்டாவதுக்குப் புதிய இடமும் புதிய வாடிக்கையாளரும் புதிய நேரமும் வேண்டாம் என்றால் தாராளமாகத் தொடங்கலாம். செக்கு வைக்கிறவர் காலியாக இருக்கிற நேரத்தில், சொந்தக் கடலை கொண்டுவருகிறவர்களுக்குக் கூலிக்கு ஆட்டிக்கொடுப்பது இப்படிப்பட்டது. சரக்குப் பணம் போடாமல் கூலி வரும், செக்கும் சும்மா நிற்காது. மாவு போடுகிறவர் அதே கடைகளுக்கு அதே வண்டியில் சட்னிப் பொடியோ இட்லிப் பொடியோ சேர்த்துப் போடுவதும் அப்படித்தான். இதையெல்லாம் இரண்டாவது தொழில் என்று சொல்வதே அதிகம். இன்னொரு சந்தர்ப்பம், இரண்டாவதில் பணமும் போட்டு ஆளாகவும் நிற்கிற ஒரு பங்குதாரர் இருப்பது. சம்பளத்துக்கு இருக்கிற ஆள் அதற்குப் பதிலாகமாட்டார். உங்கள் ஜூஸ் கடை இந்த எதிலும் சேரவில்லை. அதற்கு மெயின் ரோட்டில் வாடகை, மாசியிலிருந்து வைகாசி வரை வியாபாரம், மீதி மாதம் ஈ ஓட்டுவது. அகலக்கால் என்று ஊரில் சொல்வது இதைத்தான்.

தொடங்குவதும் சோதித்துப் பார்ப்பதும் வேறு. சோதிப்பதில் எத்தனை வேண்டுமானாலும் ஒன்றாகச் செய்யலாம். செக்கு வாங்காமலே எண்ணெய் விற்றுப் பார்க்க முடியும்: பருப்பை நீங்கள் வாங்கி, பக்கத்தில் செக்கு வைத்திருப்பவரிடம் கூலிக்கு ஆட்டி, தெரிந்த வீடுகளுக்கும் இரண்டு அபார்ட்மெண்டுக்கும் கொடுங்கள். முதல் தடவை வாங்கியது முகத்தாட்சண்யத்துக்கு, அதை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். கேட்காமலே இரண்டாவது தடவை வாங்குகிறவர் எத்தனை பேர் என்பதுதான் தகவல். மாவை வீட்டு கிரைண்டரில் அரைத்து மூன்று கடைக்கு மட்டும் போட்டு, ரிட்டர்ன் எவ்வளவு, பணம் எத்தனை நாளில் வருகிறது என்று எழுதுங்கள். வீட்டில் இருந்து விற்றாலும் உணவுப் பொருள் என்பதால் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் பதிவு வேண்டும். அது இடத்தைப் பொறுத்தது, பின்னால் செக்கு வேறு இடத்தில் வந்தால் அதற்குத் தனியாக எடுக்க வேண்டும். வீட்டுக் கரண்ட் இணைப்பில் தொழில் மோட்டார் ஓட்டாதீர்கள். மின்வாரியம் பிடித்தால் அபராதமே மாதக்கணக்கு லாபத்தைத் தின்றுவிடும்.

வேலையை விட வேண்டுமா என்று தனியாகக் கேட்கவில்லை, ஆனால் கேள்விக்குள் அது இருக்கிறது. 2014-இல் ரஃபி, ஃபெங் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்கத் தரவை வைத்து வெளியிட்ட ஆய்வில், வேலையில் இருந்துகொண்டே தொழிலைத் தொடங்கிப் பிறகு முழுநேரத்துக்கு வந்தவர்கள், நேரடியாகக் குதித்தவர்களைவிடத் தோற்றுப்போகும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்கு குறைவு என்று வந்தது. அப்படித் தொடங்குகிறவர்கள் இயல்பிலேயே நிதானமான ஆட்களாக இருக்கலாம் என்ற சந்தேகம் நியாயமானது. அமெரிக்காவையும் திருப்பூரையும் ஒன்றாக்கவும் முடியாது. என் அனுபவமும் அதே பக்கம் சாய்கிறது என்று மட்டும் சொல்வேன்: சம்பளம் வந்துகொண்டிருந்தவர்கள் விலையில் அவசரப்பட்டு இறங்கவில்லை, மோசமான சரக்கை வேறு வழியில்லாமல் விற்கவில்லை. உங்களுக்கு வேண்டிய இரண்டாவது கால், மூன்றாவது கால் எல்லாம் இப்போதைக்கு அந்தச் சம்பளம்தான். கம்பெனியே அனுப்பிவிட்டால் வேறு பேச்சு. அதற்குள் குடும்பத்துக்குத் தனியாக மருத்துவக் காப்பீடு எடுத்து வைத்துவிடுங்கள், கம்பெனிக் காப்பீடு வேலையோடு போய்விடும்.

முதல் தொழில் தொடங்கிய பிறகு இரண்டாவதை எப்போது தொடலாம்? இதற்கு விதி எதுவும் கிடையாது, நான் கடன் கேட்டு வந்தவர்களிடம் பார்த்தது இரண்டு. நீங்கள் ஒரு வாரம் ஊரில் இல்லாமல் இருந்தும் விற்பனை அதே அளவில் இருந்ததா? தீபாவளி, பொங்கல், சித்திரை, மழை என்று ஒரு முழுச் சுற்றைக் கைமாற்று வாங்காமல் கடந்தீர்களா? இரண்டுக்கும் ஆம் என்றால் பேசலாம். இரண்டாவது தொழிலுக்குப் போடுகிற பணத்துக்கு முன்கூட்டியே ஒரு எல்லை எழுதி வையுங்கள், மனைவிக்கும் தெரியும்படி. 3 லட்சம் என்றால் 3 லட்சம், அதற்கு மேல் முதல் கடையிலிருந்து ஒரு ரூபாய் போகக் கூடாது.

எண்ணெய்க்கும் மாவுக்கும் ஒரே பெயர் வைக்கலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். வைக்கலாம். டிரேட் மார்க்கில் சமையல் எண்ணெய் 29-ஆம் வகுப்பு, மாவு 30-ஆம் வகுப்பு, வகுப்புக்கு ஒரு கட்டணம். தனிநபரோ உத்யம் பதிவு பெற்றவரோ ஆன்லைனில் போட்டால் வகுப்புக்கு 4,500 ரூபாய். எதைத் தொடங்குகிறீர்களோ அந்த வகுப்பில் மட்டும் இப்போது போடுங்கள், ஆனால் பெயர் இரண்டிலும் காலியாக இருக்கிறதா என்று பதிவேட்டில் தேடிப் பார்த்துவிட்டு. மாத வீட்டுச் செலவு எவ்வளவு, ஏற்கெனவே வீட்டுக் கடனோ நகைக் கடனோ இருக்கிறதா என்ற இரண்டும் கேள்வியில் இல்லை. எழுதினால் அந்த 2 லட்சம் கையிருப்பு எத்தனை மாதம் வரும் என்று போட்டுப் பார்க்கலாம். என் ஊகம், நீங்கள் நினைப்பதில் பாதிதான் வரும்.